கைவிலங்குக்குப் பிறகு வரும் பக்கங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். குற்ற நாவல்களை விடாமல் வாசிக்கிற ஆள் நான். ஆளைப் பிடித்து விலங்கு மாட்டும் வரை புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன். கொலைக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிற நாவல்கள்தான் பெறுமதியானவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ இருபது பக்கத்தில் அலுத்துவிடுகிறது. ஒரே அழுகை, ஒரே கெட்ட கனவு. இது என் வாசிப்பில் உள்ள குறையா?

இன்னொன்று. 'குற்றமும் தண்டனையும்' வாசித்தேன். கொன்றுவிட்டு அவன் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது அகப்பட்டுவிடக் கூடாதே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்த கிழவிக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. புத்தகத்தை மூடிய பிறகு என்னில் எனக்கே வெறுப்பு வந்தது.

கடைசியாக, எங்கள் ஒழுங்கையில் சில வருடங்களுக்கு முன்னர் வேலிச் சண்டையில் ஒரு கொலை நடந்தது. அதை எழுத விருப்பம். இரண்டு வீட்டாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எழுதலாமா?

ஒரு வாசகி,
சுன்னாகம்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அலுப்புக்கு எழுதியவர்தான் பொறுப்பு. நீங்கள் சொல்கிற வகை நாவல்களை எடுத்துப் பாருங்கள். கொலை நடக்கும் வரை எல்லாம் துல்லியமாக இருக்கும். கொலைகாரன் எந்தப் படலையால் வந்தான், கத்தியை எங்கே செருகினான், நாய் ஏன் குரைக்கவில்லை, எல்லாம் தெரியும். கொலை முடிந்த கையோடு அந்தக் கண் மூடிவிடும். பிறகு துயரம், வெறுமை, இருள் என்ற சொற்கள்தான். ஆனால் கொலை நடந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. அலைச்சல், கையெழுத்து, காத்திருப்பு, காசு. இந்த வேலைகளை அறியாமல் எழுதினால் அழுகையைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவரும். வாசிக்கிறவருக்கு அலுக்கத்தான் செய்யும்.

யாழ்ப்பாணத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கொலை என்று சந்தேகம் வந்த நிமிடமே உடல் வீட்டாருடையதாக இருப்பதில்லை. நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்க்கும் வரை அது கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். தாய் பக்கத்தில் இருந்து ஈ கலைக்கவும் விடமாட்டார்கள். பிறகு போதனா வைத்தியசாலையின் பிரேத அறை. சட்ட வைத்திய அதிகாரி பரிசோதனை தொடங்குவதற்கு முன் உறவினர் உடலை அடையாளம் காட்ட வேண்டும். யார் உள்ளே போவது என்று மைத்துனர்மார் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் ஒரு முழு அத்தியாயம் தாங்கும். எங்கள் நாவல்களில் நான் அதைக் கண்டதில்லை.

நாவல்கள் அதிகம் பிழைவிடுவது இறந்த நேரத்தில்தான். 'இரவு 10.20க்கு உயிர் பிரிந்திருக்கிறது' என்று வைத்தியர் சொல்வதாக எழுதுகிறார்கள். உடற்சூடு மணிக்கு இவ்வளவு இறங்கும் என்ற கணக்கு குளிர் நாடுகளில் ஓரளவுக்கு உதவும். உயிருள்ள உடல் 37 பாகை. சித்திரை வைகாசியில் எங்கள் அறைக்குள் 32, 33 பாகை. இறங்குவதற்கு இருக்கிற இடைவெளியே நாலைந்து பாகைதான். அதை வைத்து மணிக்கூடு பார்க்க முடியாது. உடல் விறைப்பு தாடையிலும் கண்ணிமையிலும் முதலில் தெரிந்து பிறகு கை கால்களுக்குப் போகும். வெப்பத்தில் அது கெதியாக வந்து கெதியாக விலகிவிடும். இரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கி உண்டாகும் நிறமாற்றம் 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நிலைத்துவிடும். அதற்குப் பிறகு உடலைப் புரட்டினால் நிறம் இருக்கக்கூடாத பக்கத்தில் இருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒரு கவனமான வைத்தியர் சொல்லக்கூடியது 'இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில்' என்பதுதான்.

இது துப்பறிகிறவருக்கு மட்டுமான விசயம் என்று நினைக்கவேண்டாம். வீட்டாருக்கு ஒரே கேள்விதான் இருக்கும்: நான் அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால்? சந்தையில் நின்று கதைக்காமல் நேரே வந்திருந்தால்? வைத்தியரின் விடை ஐந்தாறு மணித்தியால இடைவெளியாக இருப்பதால் அந்தக் கேள்வி மூடுபடாது. மனைவி வருடக்கணக்காக அந்த இடைவெளிக்குள்ளேதான் நடந்து திரிவாள். வெறுமை என்ற சொல்லைப் பத்துத் தடவை எழுதினாலும் அந்த இடைவெளி செய்கிற வேலையைச் செய்யாது.

பிறகு உடல் திரும்பி வரும். ஆனால் எப்படி வருகிறது? மேலதிக பரிசோதனை தேவைப்படலாம் என்றால், தகனம் செய்யாமல் அடக்கம் செய்யும்படி நீதவான் கட்டளையிடுவதுண்டு. காரணம் தெளிவு. புதைத்ததைத் தோண்டலாம், எரித்ததைத் தோண்ட முடியாது. கிறிஸ்தவ வீட்டுக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை. சைவ வீட்டில் எல்லாம் தலைகீழாகும். எண்ணெய் அரப்பு வைத்துக் குளிப்பாட்டுவது எப்படி, உடல் முழுக்கத் தையல். கொள்ளி வைக்க வந்த மகன் கைப்பிடி மண்ணோடு நிற்பான். காடாத்துக்கு எலும்பு இல்லை. கீரிமலையில் கரைக்கச் சாம்பல் இல்லை. தலைமுறையாகத் தகனம் செய்துவந்த குடும்பம் மயானத்தின் எந்த மூலையில் கிடங்கு வெட்டுவது என்று செத்தவீட்டு நேரத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். 'அகால மரணமடைந்தார்' என்று மரண அறிவித்தல் போட்டவர்கள் தகனம் என்ற சொல்லை வெட்டிவிட்டு நல்லடக்கம் என்று மாற்றப் பத்திரிகைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு நாட்காட்டிகள் ஓடும். ஒன்று எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். மற்றது நீதிமன்றத்தினுடையது. கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். பிறகு விளக்கமறியல், வழக்கமாகப் பதினாலு பதினாலு நாளாக நீடிக்கும். கணக்குப் பாருங்கள்: அந்தியேட்டிக்கு வாழையிலை வாங்குவதற்குள் சந்தேகநபர் இரண்டு தவணை நீதிமன்றம் வந்து போயிருப்பார். துடக்குக் கழியாத தம்பி மல்லாகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய், நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே வெயிலில் நின்று, சிறைச்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டு வருவான். கல்வெட்டு என்கிற நினைவு மலரை அச்சடிக்கக் கொடுப்பதும் அவன்தான். இறந்தவரின் வரலாற்றில் கடைசிப் பந்தியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அச்சகத்தில் இருந்து யோசிப்பதும் அவன்தான்.

வீட்டுத் தரையை யாராவது கழுவ வேண்டும். இதையும் எங்கள் நாவல்கள் விட்டுவிடுகின்றன. இங்கே அதற்கென்று கம்பனி இல்லை. 'சொகோ' எனப்படும் குற்ற இடப் பொலிஸார் தடயம் எடுத்து முடித்து, கழுவலாம் என்று சொன்ன பிறகு வீட்டாரோ அயலட்டையோதான் செய்வார்கள். அவசரத்தில் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். சூட்டில் இரத்தத்தின் புரதம் இறுகி இன்னும் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான் வேண்டும், பிறகு சவர்க்காரம். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை எவ்வளவு மினுக்கமாக இருந்தாலும் வெடிப்புகளுக்குள் இறங்கியதை எடுக்க முடியாது. அதற்கு மேல் பாய் விரிப்பார்கள். வருகிறவர்கள் அந்தப் பாயில் இருக்க மாட்டார்கள்.

உடல் கிணற்றில் கிடந்திருந்தால் இன்னும் கடினம். கிணற்றை இறைக்க வேண்டும். எங்கள் சுண்ணக்கல்லில் ஊற்று வந்துகொண்டே இருக்கும், கடைசிச் சொட்டு வரை இறைத்து முடிக்க முடியாது. பிறகு குளோரின் தூள். வழக்கமான அளவு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம். 3 மீற்றர் அகலக் கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 14,000 லீற்றர். 35 கிராம் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் சரி என்று சொல்லுவார். தண்ணீர் உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளை குடத்தோடு அடுத்த வளவுக்குப் போவாள். முதல் மாதம் அடுத்த வளவுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆறாவது மாதம் என்ன சொல்வார்கள் என்பதில் ஒரு கதை இருக்கிறது.

சான்றுப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தம் பட்ட சட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு ஒட்டுவதாக எழுதுகிறார்கள். ஈரத்தோடு பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணமும் கிருமியும் பெருகி மரபணுச் சான்று அழிந்துபோகும். நிழலில் காயவைத்துக் கடதாசிப் பையில்தான் பொதி செய்ய வேண்டும். பிறகு முத்திரை, இலக்கம், நீதிமன்றப் பதிவு, கொழும்புப் பக்கம் இருக்கிற அரச பகுப்பாய்வாளரின் திணைக்களம். ஒவ்வொரு கையிலும் பெயரும் திகதியும் விழ வேண்டும். எங்கேயாவது ஒரு கை எழுதப்படாமல் விட்டால், வருடங்கள் கழித்து எதிரித் தரப்புச் சட்டத்தரணி அந்த ஓட்டையால்தான் உள்ளே வருவார்.

துப்பறியும் பகுதி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு, குற்றத்தை ஒப்புக்கொள்கிற கடைசிக் காட்சியும் ஒரு காரணம். பொலிஸ் அதிகாரி கேட்கக் கேட்க அவன் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லுவான், நாவல் முடியும். இலங்கையில் அங்கே ஒன்றும் முடிவதில்லை. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 27 ஆவது பிரிவு சிறிய வாசல் ஒன்றைத் திறக்கிறது: அவர் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சான்றாகும். 'கத்தியைப் பனங்கூடலுக்குள் வீசினனான்' என்பது உள்ளே வரலாம். 'அதாலதான் வெட்டினனான்' என்பது வராது. எழுதுகிறவர் இந்த வெட்டை அறிந்திருந்தால், உண்மை எல்லாருக்கும் தெரிந்தும் நீதிமன்றத்தில் பாதி வசனமாக மட்டும் நிற்கிற நிலையை எழுத முடியும்.

இதற்கு விலக்கு 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் அதன்கீழ் சான்றாகும். தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் கையெழுத்து வைத்து, அந்த ஒரு தாளின் மேல் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் சிறையில் வயது போனார்கள். குற்றத்துக்குப் பின்னான வாழ்க்கை என்று தமிழில் எழுத வருகிற எவரும் இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அறிந்துகொண்டுதான் வர வேண்டும்.

நீங்கள் வாசித்த 'குற்றமும் தண்டனையும்' எழுதிய தஸ்தாயெவ்ஸ்கிக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் நாவல்கள் கெட்டதில் அவரைப் பிழையாகப் படித்ததற்கும் பங்குண்டு. 1866 இல் வெளிவந்த அந்த நாவலில் ஆறு பாகங்களும் ஒரு முடிவுரையும் உண்டு. கொலை முதற் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. மிகுதி முழுவதும் பின்விளைவு. அதில் காய்ச்சலும் பிதற்றலும் இருக்கின்றன என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் காய்ச்சலை எத்தனை துல்லியம் தாங்கி நிற்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கொலை செய்கிற ரஸ்கோல்நிக்கோவின் வீட்டுப் படலையிலிருந்து கிழவியின் வீடு 730 காலடி. கோடரியைத் தொங்கவிட மேலங்கிக்குள் தைத்த துணிச் சுருக்கு. மரத்துண்டும் இரும்புத் தகடும் சேர்த்துக் கட்டிய பொய் அடகுப் பொட்டலம். கொலைக்குப் பிறகும் அந்தக் கண் மூடுவதில்லை: குசினி வாளியில் கோடரியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, திருடியதை ஒரு கல்லுக்கு அடியில் புதைப்பது. முடிவுரையில் நீதிபதிகள் திகைக்கிறார்கள். பணப்பையில் 317 ரூபிளும் 60 கொப்பெக்கும் இருந்தன. மேலே இருந்த தாள்கள் ஈரத்தில் பழுதாகிவிட்டன. அவனோ பையைத் திறந்தும் பார்க்கவில்லை. அவனுடைய மனம் எந்த நிலையில் இருந்தது என்பதை அந்தத் தொகை சொல்லிவிடுகிறது.

எங்கள் ஆட்கள் காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு பிழையும் விட்டார்கள். ரஸ்கோல்நிக்கோவ் கொலை செய்யும்போது பீற்றர்ஸ்பேர்க்கில் தனி ஆள். அலுமாரி அளவான மேல்மாடி அறையில் படுத்துக்கிடந்து தன்னோடு தானே கதைக்கலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கொலை செய்தவனுக்கு அந்தத் தனிமை எங்கே கிடைக்கும்? அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள். அவள் பால் வாங்கப் போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், செத்தவரின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தங்கச்சிக்குப் பேசிவைத்த கலியாணம் குழம்பும். சட்டத்தரணிக்குக் காசு அனுப்பும்படி கனடாவில் இருக்கிற தமையனுக்கு எடுப்பார்கள். கொலைக் குற்றச்சாட்டில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம். மாதக்கணக்கும் ஆகலாம், வருடக்கணக்கும் ஆகலாம். பிணை கிடைத்தால் பொலிஸ் நிலையத்தில் கிழமைக்கு ஒருநாள் கையெழுத்து வைக்கும் நிபந்தனையோடு அவன் அதே ஒழுங்கைக்குத் திரும்பி வருவான். வழக்கோ இன்னும் தொடங்கியிருக்காது. சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யும் வரை, அதற்குப் பிறகு தவணை தவணையாக, இரண்டு வீடும் ஒரே பாதையில் சைக்கிள் ஓட வேண்டும். யார் முதலில் இறங்கி வழி விடுவது? இந்த ஒன்றை வைத்து முந்நூறு பக்கம் எழுதலாம். அலுக்காது.

தீர்ப்பு நாளையும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். கொலைக் குற்றம் நிரூபணமானால் மரண தண்டனைதான், நீதிபதிக்கு வேறு தெரிவு இல்லை. மின்விளக்கை அணைத்து, எல்லாரும் எழுந்து நிற்கத் தீர்ப்பை வாசித்துப் பேனாவை முறிப்பார்கள். ஆனால் இலங்கையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 இல். ஆகவே அந்த முறிந்த பேனா நடைமுறையில் ஆயுட்சிறை. 14 நாளுக்குள் மேன்முறையீடு போகும், வழக்குக் கொழும்புக்குப் போகும், இனி அங்கே போக்குவரத்து. இறந்தவரின் மனைவி 'தூக்கு' என்ற சொல்லை ஒருமுறை கேட்டாள். பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்லக் கரைந்து போவதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது கேள்வி. கொன்றவனுக்காக உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காட்சியில் ஆசிரியர் உங்களையும் கதவுக்கு உள்ளேதான் நிற்கவைத்திருக்கிறார். வெளியே இருவர் கதவை இழுக்கிறார்கள், கொக்கி ஆடுகிறது, அந்தக் கொக்கியைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் தெரிவதில்லை. யாரோடு நேரத்தைச் செலவழிக்கிறோமோ அவருக்காகப் பயப்படுவோம். கிழவிக்கு ஆசிரியர் கொடுத்த நேரம் கொஞ்சம், அதிலும் அவளை வெறுக்கத்தக்கவளாகவே காட்டினார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒருத்தியின் பெயர் இல்லை. அன்று செத்தது இருவர். மற்றவள் எதிர்பாராமல் வந்து மாட்டிக்கொண்ட கிழவியின் தங்கை லிசவேத்தா. கோடரி உயரும்போது அவள் முகத்தைக் காக்கக் கையைத் தூக்கவில்லை. வெறும் இடது கையை மட்டும் மெல்ல முன்னே நீட்டினாள். நீங்கள் அவளை மறந்தது போலவே ரஸ்கோல்நிக்கோவும் மறந்துவிடுகிறான், தான் ஏன் அவளை நினைப்பதே இல்லை என்று ஓரிடத்தில் தானே வியக்கிறான். நாவல் மறக்கவில்லை. அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பெண்ணான சோனியா அவனுக்கு லாசரஸ் உயிர்த்தெழுந்த பகுதியை வாசித்துக் காட்டுகிற வேதப்புத்தகம் லிசவேத்தா கொடுத்தது. சோனியா தனக்கென்று வைத்துக்கொள்கிற செப்புச் சிலுவை லிசவேத்தாவுடையது. அவன் குற்றத்தைச் சொல்லும் வேளையில் சோனியாவின் இடது கை அதேபோல முன்னே நீளுகிறது. அவள் முகத்தில் அவன் செத்தவளின் முகத்தைக் காண்கிறான். இன்னொருமுறை வாசிக்கும்போது பென்சிலோடு இருங்கள். லிசவேத்தா வருகிற இடங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டு போங்கள். வேறொரு நாவல் வாசித்ததாக உணர்வீர்கள்.

இறந்தவர் பின்விளைவு நாவலில் பொருட்களாகத்தான் திரும்பி வருவார். எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2025 ஓகஸ்ட் 5 இல், செம்மணி சித்துப்பாத்திப் புதைகுழியில் எலும்புகளோடு கிடைத்த பொருட்களை, யாராவது அடையாளம் காண்பார்களா என்று நீதிமன்றக் கட்டளைப்படி பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அங்கே கிடைத்தவற்றில் ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பையும் இருந்தது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிப் பார்க்கப் போன தாய்மாரின் கைகளில் பழைய படங்கள். கண்டுவிட வேண்டும் என்றும் கண்டுவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பற்றி எந்த நாட்டு நாவலைப் பார்த்து எழுதுவது? நாங்கள்தான் எழுத வேண்டும். உடல் இல்லாத வீட்டில் எட்டு எந்த நாள், முப்பத்தொன்று எந்த நாள் என்று எண்ண முடியாது. மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகும், எடுக்காவிட்டால் காணி உறுதியும் வங்கிக் கணக்கும் அசையாது. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவருக்கென்று தனிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். கிராம உத்தியோகத்தர் விளக்கிச் சொல்லச் சொல்ல, ஒரு தாய் அந்தப் படிவத்தை நிரப்புவதா விடுவதா என்று வைத்துக்கொண்டு இருப்பதைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன்.

கடைசிக் கேள்வி. எழுதலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கவேண்டாம். குடாநாட்டில் ஊரும் தொழிலும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, வீட்டின் திசை, நடந்த வருடம், செத்தவரின் தொழில், காயம் பட்ட இடம் இவை சேர்ந்துதான் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் பாதிக்கு மேல் மாற்றுங்கள். ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றுங்கள். தச்சுத் தொழிலாளியைக் கள்ளுச் சீவுகிற தொழிலாளியாக மாற்றினால் அவர் வீட்டுக்கு வரும் நேரமும் கையில் இருக்கும் கத்தியும் மாறும். பாலியல் குற்றம் கலந்த சம்பவம் என்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, வேலிச் சண்டையில் நடந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் சட்டம் அதைக் கொலை என்று சொல்லுமா என்பதே வழக்காக இருந்திருக்கும். முன்யோசனை இல்லாமல், திடீர்ச் சண்டையின் ஆவேசத்தில், கொடூரமாக நடந்துகொள்ளாமல் செய்தது என்று நீதிமன்றம் ஏற்றால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 296 ஆவது பிரிவிலிருந்து 297 க்கு இறங்கும். மரண தண்டனைக்குப் பதில் அதிகபட்சம் 20 வருடச் சிறை. ஆகவே சண்டை தொடங்கிய ஐந்து நிமிடமும் வழக்கில் நாள்கணக்காக நீளும். கதியால் நடக் கிடங்கு கிண்டிய அலவாங்கு கையில் முதலே இருந்ததா, அல்லது வீட்டுக்குள் ஓடிப்போய் எடுத்து வந்ததா? ஓடிப்போய் எடுத்து வந்தால் 'திடீர்' என்ற சொல் ஆட்டம் காணும். ஒழுங்கையில் நின்று பார்த்தவர்கள் இந்த ஒரு கேள்விக்குச் சொன்ன விடைகள் ஏன் வேறுபட்டன என்று பாருங்கள். யார் யாருக்குச் சொந்தம், யார் யாரிடம் வட்டிக்குப் பணம் வாங்கியவர், யாருடைய தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது. உங்கள் நாவலின் முதுகெலும்பு அந்த வேறுபாடுதான்.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் போய்ப் பின்வரிசையில் இருங்கள். பொதுவாகத் திறந்த மன்றில்தான் விசாரணை நடக்கும், யாரும் போய் இருக்கலாம். காலை 9 மணிக்கு முன்னர் போங்கள், தொலைபேசியை நிறுத்தி வையுங்கள், மன்றுக்குள் படம் எடுக்க வேண்டாம். நீதிபதியை விட வாங்கில் இருக்கிறவர்களை அதிகம் பாருங்கள். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் இருக்கிறது, சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்திருக்கிறார்களா, பெயர் கூப்பிடும்போது யார் எழும்புகிறார்கள், தவணை ஒத்திவைத்ததும் யார் முதலில் வெளியே போகிறார்கள். பத்துத் தவணை பார்த்தால் கதை எழுதுவதற்கு வேண்டிய நடைமுறை முழுவதும் பிடிபடும்.

இரண்டு வீட்டாரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன்னர் செத்தவரின் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் நேரே போய், இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், வாசித்துப் பாருங்கள் என்று கையெழுத்துப்படியைக் கொடுங்கள். அவர் வெட்டச் சொல்லும் இடம் பெரும்பாலும் கொலைக் காட்சியாக இருக்காது. செத்தவர் சாப்பிட்ட விதத்தையோ கோபத்தில் சொன்ன ஒரு சொல்லையோதான் காட்டுவார். அதை வெட்டிவிடுங்கள். பிறகு மற்ற வீட்டுத் தாயிடமும் ஒரு படி கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்.